பணத்தாளில் ஒரு மாளிகை



எங்கள் தோட்டத்தில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. குலை வெட்டும் வேலையில் இன்று நம்மவர்கள் மிகச் சிலரே. பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள்தாம் பெரும்பாலோர். அவர்களில் ஒருவர் மாலை வேளைகளில் பள்ளிக்கு எதிரேயுள்ள கடைக்கு வருவார். மலாய்க்காரர்கள் அழைப்பதுபோல் என்னைச் 'சிக்கு' என்பார். நான் அவரைத் 'தம்பி' என்பேன். ஒருநாள் கடைக்காரருக்குக் காசு கொடுக்கப் பணப்பையைத் திறந்தபோது, உள்ளே பத்திரமாக மடித்து வைத்திருந்த அவர் ஊர்ப் பணத்தாள் ஒன்று என் கண்ணில் பட்டது. கேட்டதும் எடுத்துக் காட்டினார்.

அதில் ஒரு கட்டடத்தின் படம். விசித்திரமான கட்டடம்! தண்ணீருக்கு நடுவே நிற்கிறது. மதில் போன்ற உயர்ந்த சுவர்கள். அந்தச் சுவர்களில் வட்டமாகவும் முக்கோணமாகவும் ஆள் உயரத்தைவிடப் பெரிய ஓட்டைகள்.

"என்ன தம்பி இது, கோட்டையா?" என்று கேட்டேன்.

"பார்லிமெண்டு, சிக்கு! எங்கள் டாக்கா பார்லிமெண்டு" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"யார் கட்டியது?"

அதுதான் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டால் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டில் போய்ப் புத்தகம் புரட்டுவது எங்கள் தொழிலில் பழக்கமானதுதானே! அப்படித்தான் புரட்ட ஆரம்பித்தேன். தேடிக் கண்ட மனிதரின் கதை பல நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கேட்பாரற்றுக் கிடந்த உடல்

கதையின் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1974-ஆம் ஆண்டு மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரத்தின் பென்சில்வேனியா இரயில் நிலையம். இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய முதியவர் ஒருவர், பிலடெல்பியாவிலுள்ள தம் வீட்டுக்குப் போக அங்கே வந்திருந்தார். நிலையத்தின் கழிவறையில் மாரடைப்பு ஏற்பட்டு விழுந்து இறந்துபோனார். வயது 73.

உடல் நகரப் பிணவறைக்குப் போயிற்று. நியூயார்க் போலீசார் பிலடெல்பியா போலீசாருக்குச் செய்தி அனுப்பினார்கள். ஆனால் கொடுத்த முகவரி அவருடைய அலுவலக முகவரி. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அதற்குமேல் யாரும் கவலைப்படவில்லை. வீட்டில் மனைவி அங்கும் இங்கும் தொலைபேசியில் விசாரித்துத் தவித்துக்கொண்டிருக்க, இரண்டு நாட்கள் அவர் பிணவறையில் கிடந்தார். அவருடைய பாஸ்போர்ட்டில் வீட்டு முகவரி அடிக்கப்பட்டிருந்தது என்று அவர் மகன் பின்னாளில் எடுத்த படம் சொல்கிறது. ஏன் அடித்தார்? அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

உலகத்தின் தலைசிறந்த கட்டடக் கலைஞர்களுள் ஒருவர் என்று அந்த நாளிலேயே பேர் வாங்கியவர் அவர். பெயர் லூயிஸ் கான். 'கான்' என்றதும் முஸ்லிம் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் யூதர்.

அடுப்புக் கரியும் ஓர் ஆசிரியரும்

1901-இல், அன்று ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த எஸ்தோனியாவில் பிறந்தவர் லூயிஸ் கான். அப்போது பெயரே வேறு. அமெரிக்காவில் குடியேறிய பிறகுதான் தகப்பனார் குடும்பப் பெயரைக் 'கான்' என்று மாற்றிக்கொண்டார்.

மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது அடுப்பில் கனன்றுகொண்டிருந்த நெருப்புத் துண்டுகளின் நிறத்தைக் கண்டு மயங்கி, அவற்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டானாம். உடையில் தீ பற்றி முகமும் கைகளும் வெந்துபோயின. "இந்த முகத்தோடு இருப்பதைவிடப் போய்ச் சேர்வதே மேல்" என்ற பொருளில் தகப்பன் புலம்பினார் என்றும், "இவன் பிழைப்பான், பெரிய மனிதன் ஆவான்" என்று தாய் சொன்னார் என்றும் அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. முகத்தில் வாயைச் சுற்றி இருந்த தழும்பு கடைசிவரை மறையவில்லை.

1906-இல் குடும்பம் பிலடெல்பியாவில் வந்து சேர்ந்தது. வறுமையென்றால் அப்படியொரு வறுமை. தகப்பனாருக்கு முதுகில் அடிபட்டு வேலை போயிற்று. தாயார் வீட்டிலிருந்தே பின்னல் வேலை செய்து அடுப்பெரித்தார். வாடகை கட்ட முடியாமல் வீடு வீடாக மாறினார்கள். பையனுக்கோ எந்நேரமும் படம் வரைகிற ஆசை. பென்சில் வாங்கக் காசில்லை. சுள்ளியை எரித்து அந்தக் கரியால் வரைந்தான். முகத்தைச் சுட்ட அதே கரி!

படம் வரைந்து பரிசுகள் வாங்கினான். ஓவியக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் இடமும் காத்திருந்தது. அந்த நேரத்தில், உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில், வில்லியம் கிரே என்ற ஆசிரியர் கட்டடக் கலையின் வரலாற்றைப் பாடமாக நடத்தினார். எகிப்து, கிரேக்கம், ரோமாபுரி என்று பழைய கட்டடங்களின் படங்களைக் காட்டி விளக்கினார். அவ்வளவுதான். தான் ஆக வேண்டியது ஓவியன் அல்ல, கட்டடக் கலைஞன் என்று பையன் அந்த வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டான். உபகாரச் சம்பளத்தை வேண்டாமென்றுவிட்டு, பேசாப் படக் கொட்டகைகளில் பியானோ வாசித்துச் சம்பாதித்த காசில் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் படித்தார். 1924-இல் பட்டம் பெற்றார்.

நானும் ஓர் ஆசிரியர் என்பதால் இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டேன், மன்னியுங்கள். வில்லியம் கிரே நடத்தியது ஒரே ஓர் ஆண்டுப் பாடம்.

ஐம்பது வயதுவரை

பட்டம் வாங்கியதும் புகழ் வந்து குவிந்தது என்று நினைக்காதீர்கள். 1930-இல் எஸ்தர் என்ற பெண்ணைக் கான் மணந்துகொண்டார். அது உலகமே பஞ்சத்தில் தத்தளித்த காலம். நம் நாட்டிலும் இரப்பர் விலை விழுந்து, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்களே, அதே காலம். அமெரிக்காவில் வீடு கட்ட ஆளில்லை. வரைபடம் போடுகிறவருக்கு என்ன வேலை? எஸ்தர் மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்துக் கொண்டுவந்த சம்பளத்தில் குடும்பம் நடந்தது. மாமனார் வீட்டிலேயே வாசம். கானோ, தம்மைப்போல வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, ஏழைத் தொழிலாளர்களுக்கு எப்படி மலிவாக நல்ல வீடு கட்டலாம் என்று வரைந்துகொண்டிருந்தார்.

பின்னால் அப்படிச் சில குடியிருப்புகளை அவர் கட்டவும் செய்தார். போர்க் காலத்தில் கோட்ஸ்வில் என்ற ஊரில், இரும்பாலையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அவற்றுள் ஒன்று. வீட்டைத் தரையிலிருந்து உயர்த்தி மாடியில் குடியிருக்கவும், கீழே வண்டி நிறுத்தவும் சாமான் போட்டு வைக்கவும் இடம் விட்டார். நம் கம்பத்து வீடுகளின் அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு, தொழிலாளியின் வீட்டைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து யோசித்தார் என்பதே மனத்துக்கு இதமான செய்திதான்.

இப்படியே ஐம்பது வயது ஆகிவிட்டது. உலகம் அறிய ஒரு கட்டடமும் இல்லை. 1947 முதல் யேல் பல்கலைக் கழகத்தில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்தார். 1950-ஆம் ஆண்டின் கடைசியில் ரோமாபுரியில் சில மாதங்கள் தங்கி, இத்தாலி, கிரீஸ், எகிப்து ஆகிய நாடுகளின் பழங்கட்டடங்களைச் சுற்றிப் பார்த்து வரைய ஒரு வாய்ப்பு வந்தது. அதுதான் திருப்பம்.

அந்நாளில் புதுமைக் கட்டடம் என்றால் இரும்புச் சட்டமும் கண்ணாடிச் சுவரும்தான். தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல எல்லா ஊரிலும் ஒரே மாதிரி எழும்பிக்கொண்டிருந்தன. கான் பிரமிடுகளின் முன்னும், கூரை இழந்து சுவர் மட்டும் நிற்கும் ரோமானியக் கட்டடங்களின் நடுவிலும் நின்று பார்த்தார். கனத்த சுவர், அதில் ஓர் இடைவெளி, அதன் வழியே விழும் வெயில். அலங்காரம் எதுவும் மிச்சமில்லாதபோதும் அந்த இடங்கள் மனிதனை வாய் மூடி நிற்க வைப்பதைக் கண்டார். பழமையைக் காப்பி அடிக்க அவர் விரும்பவில்லை. சிமெண்டையும் செங்கல்லையும் வைத்துக்கொண்டே, அந்தக் கனத்தையும் அந்த வெளிச்சத்தையும் கொண்டுவர முடியுமா என்று பார்த்தார்.

பகல் வெளிச்சம் வராத அறையை அறையென்றே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். (எங்கள் வகுப்பறையில் பட்டப்பகலில் ஆறு விளக்குகள் எரிகின்றன. வெளியே மலேசிய வெயில்!) ஆனாலும் தொடக்கத்திலேயே வெயில் அவருக்கு வசப்பட்டுவிடவில்லை. பிலடெல்பியாவில் அவர் கட்டிய ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக் கூடம் 1960-ஆம் ஆண்டையொட்டி அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. படம் பிடிக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். உள்ளே வேலை செய்த விஞ்ஞானிகளோ கண் கூசுகிறது என்று ஜன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டி மறைத்துக்கொண்டார்கள்! அந்தத் தவற்றிலிருந்து கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் கடற்கரையில், இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த டாக்டர் ஜோனாஸ் சால்க்குக்காக அவர் கட்டிய ஆய்வுக் கூடத்தில் ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் தேக்குப் பலகை பதித்த தனி அறை உண்டு. ஜன்னல் சுவர்களைச் சாய்வாகத் திருப்பியிருப்பதால் ஒவ்வோர் அறையிலிருந்தும் கடல் தெரியும். நடுவிலுள்ள கல் முற்றத்தில் ஒரே ஒரு மெல்லிய நீர்க்கால் கடலை நோக்கி ஓடுகிறது. அங்கே மரங்கள் வைக்கத்தான் கான் எண்ணியிருந்தாராம். மெக்சிகோ நாட்டுக் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான் வந்து பார்த்துவிட்டு, ஒரு மரமும் வேண்டாம் என்றார். கான் உடனே ஒப்புக்கொண்டார். இன்னொருவர் சொல் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்கிற குணம் பெரிய கலைஞர்களிடம் அபூர்வம்.

செங்கல்லைக் கேட்டவர்

1962-ஆம் ஆண்டில் இரண்டு அழைப்புகள் நம் பக்கத்திலிருந்து வந்தன. ஒன்று இந்தியாவின் அகமதாபாத். விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய் முதலானோர் அங்கே நிர்வாகக் கல்லூரி ஒன்றைத் தொடங்க, அதற்குக் கானை அழைத்துவரக் காரணமாக இருந்தவர் பாலகிருஷ்ண தோஷி. பின்னாளில், 2018-இல், கட்டடக் கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர் இரும்பும் கண்ணாடியும் கேட்பார் என்று எதிர்பார்க்கலாம். அவர் கேட்டது செங்கல். அந்த ஊரில் மலிவாகக் கிடைப்பது, அந்த ஊர்க் கொத்தனாருக்குக் கை வந்தது. செங்கல்லிடமே "உனக்கு என்னவாக ஆசை?" என்று கேட்க வேண்டும் என்றும், அது "வளைவாக ஆசை" என்று பதில் சொல்லும் என்றும் மாணவர்களுக்கு அவர் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். வேடிக்கைக்குள் விஷயம் இருக்கிறது. செங்கல் பாரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் இழுத்தால் விட்டுவிடும். அதனால்தான் வாசலுக்கு மேலே அதைப் படுக்கையாக வைக்க முடியாது. வளைவாக அடுக்கினால் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அகமதாபாத்தில் செங்கல் வளைவும் பெரிய பெரிய வட்டங்களும் ஆழ்ந்த தாழ்வாரங்களுமாகக் கட்டி, குஜராத்தின் அனல் வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே விட்டார்.

இரண்டாவது அழைப்புத்தான் டாக்கா.

கூடையில் ஏறிய பார்லிமெண்டு

அன்று பங்களாதேஷ் என்று ஒரு நாடு இல்லை. அது கிழக்குப் பாகிஸ்தான். அதிகாரம் முழுவதும் ஆயிரம் மைலுக்கு அப்பால் மேற்குப் பாகிஸ்தானில். வங்காளிகளின் மனக்குமுறலைத் தணிக்க, டாக்காவை இரண்டாவது தலைநகரமாக்கிச் சட்டமன்றம் கட்டித் தருகிறோம் என்றார் இராணுவ ஆட்சித் தலைவர் அயூப் கான். அந்தப் பொறுப்பு முதலில் வங்காளக் கட்டடக் கலைஞரான மஸ்ஹாருல் இஸ்லாமிடம்தான் வந்தது. இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இத்தனை பெரிய வேலை ஆயுளில் ஒருமுறைதான் வரும். அவரோ, தம் மக்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி உலகத்தரமான ஒரு கட்டடம் தம் மண்ணில் வேண்டும் என்று சொல்லி, வெளிநாட்டுக் கலைஞர்களின் பெயர்களைச் சிபாரிசு செய்தார். வேறு இருவருக்கு இயலாமற்போக, கான் வந்தார்.

சுமார் 200 ஏக்கர் நிலம். டாக்கா வெள்ளக்காடான பூமி. மண்ணைத் தோண்டி மேடாக்கினால்தான் வீடு. தோண்டிய பள்ளம் குளம். வங்காளக் கிராமம் முழுவதும் அப்படித்தான் இருக்கிறது. கானும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு, மன்றத்தைச் சுற்றி ஏரியை அமைத்தார். நடுவே எண்கோண வடிவில் சபை மண்டபம், அதைச் சூழ எட்டுக் கட்டடங்கள். சுற்றியுள்ளவை 110 அடி உயரம், நடு மண்டபம் 155 அடி.

பணத்தாளில் நான் பார்த்து வியந்த அந்த ஓட்டைகள் எதற்கு என்கிறீர்களா? அவை ஜன்னல்கள் அல்ல. அது வெளிச்சுவர் மட்டும்தான். அதற்கு உட்புறம் இடைவெளி விட்டு, அறைகளின் உண்மையான சுவரும் ஜன்னலும் இருக்கின்றன. மழைச் சாரலும் நேர் வெயிலும் வெளிச்சுவரோடு நின்றுவிட, வெளிச்சம் மட்டும் தணிந்து உள்ளே போகும். நம் வீட்டுத் தாழ்வாரம் செய்கிற வேலையேதான். அளவு பெரிது, அவ்வளவே.

தொழுகைக்கு ஓர் அறை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கான் அதை மன்றத்தின் நுழைவாயிலிலேயே ஒரு பள்ளிவாசலாக எழுப்பினார். கட்டடம் முழுவதும் ஒரே திசையில் நிற்க, அந்தப் பள்ளிவாசல் மட்டும் மக்காவை நோக்கிச் சற்றே திரும்பி நிற்கிறது. கட்டியவர் யூதர் என்பதை நினைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

இனி, இதைக் கட்டிய விதம். மேல்நாட்டில் காங்கிரீட் ஊற்றப் பெரிய இயந்திரங்கள் உண்டு. டாக்காவில் மூங்கில் சாரம்தான். கலவையைக் கூடையில் வாங்கித் தலையில் சுமந்து வரிசை வரிசையாகத் தொழிலாளர்கள் மேலே ஏறினார்கள். பலகை அடைத்துக் கலவையைக் கொட்டினால், ஒரு தவணையில் சுவர் ஐந்தடிதான் உயரும். பிறகு அடுத்த ஐந்தடி. பழைய கலவையும் புதிய கலவையும் சேரும் இடத்தில் கோடு விழுந்து அசிங்கமாகத் தெரியும். வேறொருவராக இருந்தால் மேலே பூசி மறைத்திருப்பார், அல்லது தொழிலாளர்களைத் திட்டியிருப்பார். கான் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வோர் ஐந்தடிக்கும் ஒரு வெள்ளைச் சலவைக்கல் பட்டையைப் பதிக்கச் செய்தார். சேர்க்கை மறைந்தது, மழை நீர் சுவரில் வழிந்து கறையாக்குவதும் குறைந்தது, சாம்பல் நிறச் சுவரெங்கும் வெள்ளைக் கோடு போட்ட அழகும் வந்தது. அந்தப் பட்டைகளை எண்ணினால் எத்தனை தவணையில் சுவர் ஏறியது என்று இன்றைக்கும் கணக்குப் போடலாம்.

1971 மார்ச்சில் போர் வெடித்தது. வேலை நின்றது. இரத்தம் ஆறாக ஓடியது. கான் மட்டும் பிலடெல்பியாவில் உட்கார்ந்து, கட்டுவார்களா மாட்டார்களா என்று தெரியாத அந்த மன்றத்துக்கு வரைந்துகொண்டே இருந்தார். ஓட்டை ஓட்டையாகப் பாதியில் நின்ற கட்டடத்தை மேலிருந்து பார்த்த விமானிகள், ஏற்கெனவே குண்டு விழுந்த இடிபாடு என்று எண்ணி விட்டுவிட்டார்கள் என்று டாக்காவில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும் கட்டடம் தப்பியது. அவ்வாண்டு டிசம்பரில் பங்களாதேஷ் சுதந்தர நாடாயிற்று. உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, சோற்றுக்கே அல்லாடிய நேரத்திலும், இந்தக் கட்டடத்தை முடித்தே தீருவது என்று தீர்மானித்தது. யாரோ ஒரு சர்வாதிகாரி சமாதானத்துக்காகத் தொடங்கியது, அவர்களுடைய சொந்தப் பார்லிமெண்டு ஆகிவிட்டது.

1982-இல் மன்றம் திறக்கப்பட்டது. கான் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரிடம் பணிபுரிந்த டேவிட் விஸ்டம், ஹென்றி வில்காட்ஸ் முதலியோர்தாம் கூடவே நின்று வேலையை முடித்துக் கொடுத்தார்கள். 1989-இல் அந்தக் கட்டடத்துக்கு ஆகா கான் விருது கிடைத்தது. அந்த நாட்டின் அரசியலில் அதற்குப் பிறகும் அமைதி இல்லை. 2024 ஆகஸ்ட் 5-ஆம் நாள் பிரதமர் நாட்டைவிட்டு வெளியேறியபோது, மாணவர்களும் பொதுமக்களும் திரண்டு அதே மன்றத்துக்குள் புகுந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

மூன்று வீடுகள்

பாஸ்போர்ட்டில் அடித்திருந்த முகவரிக்கு இப்போது வருவோம். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். குடும்பப் பத்திரிகைக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குடும்பப் பத்திரிகை என்பதால்தான் எழுதுகிறேன்.

கானுக்கு மனைவி எஸ்தரிடம் ஒரு மகள். அவருடைய அலுவலகத்தில் வேலை செய்த அன்னி டிங் என்ற திறமை மிக்க கட்டடக் கலைஞரிடம் இன்னொரு மகள். ஊர் வாய்க்கு அஞ்சி அந்தப் பெண் 1953-இல் ரோமாபுரிக்குப் போய், அடுத்த ஆண்டு அங்கே பிள்ளை பெற்றுத் திரும்பினார். அதன் பின்னர் ஹாரியட் பாட்டிசன் என்ற தோட்டக்கலை நிபுணரிடம், 1962-இல், நதேனியல் என்ற மகன். மூன்று குடும்பங்களும் ஒரே நகரத்தில், சில மைல் தூரத்துக்குள் வாழ்ந்தன. எஸ்தரை அவர் விட்டு நீங்கவில்லை. மற்ற இருவரையும் மணக்கவுமில்லை. மகன் வீட்டுக்கு வாரத்தில் ஒருநாள் இரவு வருவார், கதை சொல்வார், படம் வரைந்து காட்டுவார், போய்விடுவார். செய்தித்தாள்களில் வந்த மரணச் செய்தியில் ஒரு மனைவி, ஒரு மகள் என்றுதான் இருந்தது. பதினொரு வயதுப் பையனின் பெயர் இல்லை.

எஸ்தரிடம் திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்துதான் முகவரியை அடித்தார் என்று நதேனியலின் தாயார் கடைசிவரை நம்பினார். உண்மையை அறிந்தவர் பிணவறையில் கிடந்தவர் ஒருவரே.

பெரிய கலைஞன் என்பதற்காக இதையெல்லாம் நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பஞ்ச காலத்தில் சோறு போட்டவள் எஸ்தர். கானின் பல கட்டடங்களில் காணும் வடிவங்களுக்குப் பின்னால் அன்னி டிங்கின் மூளை இருக்கிறது. பெயர் மட்டும் நெடுங்காலம் வெளியே வரவில்லை. பிள்ளைகளோ ஒன்றும் அறியாதவர்கள். தொழிலாளிக்கும், விஞ்ஞானிக்கும், முன்பின் தெரியாத ஒரு தேசத்துக்கும் கூடியிருக்க இடம் அமைத்துக் கொடுத்தவர், தம் சொந்தப் பிள்ளைகள் மூவரும் ஒன்றாக உட்கார ஒரு திண்ணைகூடக் கட்டவில்லை.

நதேனியல் வளர்ந்து திரைப்படக்காரரானார். தகப்பனைத் தேடி அவர் கட்டிய கட்டடங்களுக்கெல்லாம் பயணம் செய்து, 2003-இல் 'மை ஆர்க்கிடெக்ட்' என்ற படத்தை வெளியிட்டார். கடைசியில் டாக்கா வருகிறார். அங்கே ஷம்சுல் வாரெஸ் என்ற வங்காளக் கட்டடக் கலைஞர், கண்கள் கலங்க அவரிடம் பேசுகிறார். உங்கள் தந்தை உலகத்தின் மிக ஏழை நாட்டுக்கு இதைக் கொடுத்தார், அருகிலிருந்தவர்களுக்கு அன்பைச் சரியாகக் கொடுக்க முடியாமற்போயிருக்கலாம், அதைப் புரிந்துகொள்ள முயலுங்கள் என்ற பொருள்படச் சொல்கிறார். அந்தக் காட்சியில் நானும் அழுதேன். ஆனாலும் மேலே எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை.

கான் போனபோது அவருடைய அலுவலகத்துக்குச் சுமார் ஐந்து இலட்சம் அமெரிக்க வெள்ளி கடன் இருந்தது. கணக்குப் பார்க்கத் தெரியாத மனிதர். திருப்தி வரும்வரை திரும்பத் திரும்ப வரைவார். கூலி கணக்கில் வராது. அவர் விட்டுச்சென்ற வரைபடங்களைப் பென்சில்வேனியா மாநில அரசு விலைக்கு வாங்கியது. இன்று அவை அவர் படித்த பல்கலைக் கழகத்தில் இருக்கின்றன. கடைசியாக அவர் வரைந்தவற்றுள் ஒன்று, நியூயார்க்கில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கான நினைவுப் பூங்கா. 38 ஆண்டுகள் கழித்து, 2012-இல் அதைக் கட்டித் திறந்தார்கள்.

அகமதாபாத்தில் நிலைமை வேறு. 2001 நிலநடுக்கத்தில் அந்தச் செங்கல் கட்டடங்கள் பழுதடைந்தன. 2020 டிசம்பரில், 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. உலகமெங்கும் கண்டனம் எழ, சில நாட்களில் பின்வாங்கியது. 2022-இல், பாதுகாப்பில்லை என்று கூறி மறுபடியும் அதே பேச்சை எடுத்தது. வெளியூர்க்காரர்கள் அழகைப் பேசுகிறார்கள், உள்ளே படுத்துறங்கும் பிள்ளையின் தலையில் செங்கல் விழுந்தால் என்ன செய்வது என்று நிர்வாகம் கேட்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பழுது பார்க்க முடியாதா என்று கேட்பவர்கள் பக்கம்தான் நான்.

சென்ற வாரம் அந்த இளைஞரைக் கடையில் பார்த்தேன். கட்டடங்களின் படங்கள் உள்ள புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். தெரிந்த மலாயில் கதையை ஒருவாறு சொல்லி முடித்தேன். "கட்டி முடித்ததை அவர் பார்த்தாரா, சிக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கங்களைப் புரட்டினார். ஏரியில் நிழல் விழ மன்றம் நிற்கும் பெரிய வண்ணப் படத்தைத் தாண்டிப் போய், மூங்கில் சாரத்தில் கூடையோடு ஏறிக்கொண்டிருக்கும் ஆட்களின் கறுப்பு வெள்ளைப் படத்தில் நின்றுவிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இவர்களின் பெயர் போட்டிருக்கிறதா, சிக்கு?"

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் கீழே பார்த்தேன். ஊரின் பெயர் மட்டும் இருந்தது.